தோட்டத்துப் பிள்ளைகளும் பல்கலைக்கழக மாணவரும்: சித்தியவானிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்து மஞ்சோங் மாவட்டத்தில் உள்ள சித்தியவான், 1903-ஆம் ஆண்டில் மெதடிஸ்டு திருச்சபையைச் சேர்ந்த லூரிங் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் சீனத்தின் பூச்சோவ் பகுதியிலிருந்து அழைத்து வந்த குடியேறிகளின் ஊராகவே வரலாற்று நூல்களில் பெரிதும் பேசப்படுகிறது. நெல் விளைவிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட அம்மக்கள் சில ஆண்டுகளிலேயே ரப்பருக்கு மாறிச் சிறு தோட்டங்களின் உடைமையாளர்களாயினர். அதே காலத்தில் ஊரைச் சுற்றி எழுந்த பெருந்தோட்டங்களில் பால் வெட்டுவதற்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வந்து சேர்ந்தனர். வால்புரூக், சொகமானா போன்ற தோட்டப் பெயர்கள் அவ்வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இன்றும் நிலைத்திருப்பதும், சித்தியவானிலேயே மகா கணேசா வித்தியாசாலை என்னும் தமிழ்ப்பள்ளி இயங்கி வருவதும் அந்தக் குடியேற்றத்தின் சுவடுகளாகும். ரப்பரையே நம்பி வாழ்ந்த இவ்விரு சமூகங்களின் பிள்ளைகளும் கல்வியில் வேறுவேறு வழிகளில் சென்றனர். சீனக் குடியேறிகளின் பிள்ளைகளுக்குத் திருச்சபை நடத்திய ஆங்கிலோ-சீனப் பள்ளி ஊருக்குள்ளேயே கிடைத்தது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கோ கல்வி தோட்டத்தின் எல்லைக்குள் தொடங்கி, பெரும்பாலும் அந்த எல்லைக்குள்ளேயே முடிந்தது. அந்த எல்லையைத் தாண்ட விரும்பிய பிள்ளைகளுக்கு, அதைத் தாண்டிச் சென்ற மூத்த மாணவர்களே துணைநின்று பாடம் சொல்லிக்கொடுத்த வழக்கம் எவ்வாறு தோன்றியது என்பதும், அதே மாநிலத்தின் பழங்குடிப் பிள்ளைகளை அது ஏன் மிகத் தாமதமாகவே எட்டியது என்பதும் மலேசியத் தமிழரின் கல்வி வரலாற்றில் தனியே ஆராயத்தக்கவை.

தோட்டப்பள்ளி தோன்றியதற்குக் கல்வி ஆர்வத்தைக் காட்டிலும் சட்டமே காரணமாயிற்று. கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேராவது ஒரு தோட்டத்தில் வாழ்ந்தால் அங்கே பள்ளி நடத்த வேண்டும் என்று நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்தியது. சட்டத்தின் எழுத்துக்குக் கட்டுப்பட்டு, கிடைத்த கொட்டகையில், கிடைத்தவரை ஆசிரியராக அமர்த்திப் பள்ளி நடத்திய தோட்டங்கள் பல. ஆட்களைச் சேர்த்து மேற்பார்த்த கங்காணியோ, கணக்கெழுதிய கிராணியோ பாடம் சொல்லிக்கொடுத்ததும் உண்டு. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் ‘பெரட்டு’ முடிந்து பெற்றோர் மரத்துக்குப் போன பிறகு, பிள்ளைகள் சில மணி நேரம் எழுத்தும் எண்ணும் கற்றனர்; வளர்ந்ததும் அவர்களும் அதே பெரட்டில் நிற்கப் போகிறவர்கள் என்பதே நிர்வாகத்தின் எதிர்பார்ப்பாக இருந்தது. தொழிலாளர் குடும்பத்தைத் தோட்டத்தோடு பிணைத்து வைப்பதற்குக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை எவ்வளவு பயன்பட்டதோ அவ்வளவு பள்ளியும் பயன்பட்டது. ஆயினும், தமிழ் எழுத்தறிவு மூன்று தலைமுறைகளாக அறுந்துபோகாமல் இருந்தது அந்தக் கொட்டகைகளால்தான் என்பதை மறுக்க இயலாது.

1957-இல் நாடு விடுதலை பெற்றபோது ஏறத்தாழ 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை தோட்டங்களைச் சார்ந்தவை. 1956-ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கையும் அதைத் தொடர்ந்து வந்த 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்வழிக் கல்வியைத் தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொண்டன. அதற்குமேல் அரசு உதவி பெறும் இடைநிலைப்பள்ளிகளில் மலாயோ ஆங்கிலமோதான் பாடமொழி. இந்த இடைவெளியைக் கடக்கப் ‘புகுமுக வகுப்பு’ ஏற்படுத்தப்பட்டது. தமிழ், சீனப் பள்ளிகளிலிருந்து வரும் மாணவர், படிவம் ஒன்று எனப்படும் இடைநிலைப்பள்ளியின் முதலாம் ஆண்டில் சேர்வதற்குமுன் ஓராண்டு தங்கிப் புதிய பாடமொழியைப் பழகிக்கொள்ளும் வகுப்பு அது. 1964 வரை இடைநிலைப்பள்ளியில் நுழைய ஒரு தேர்வு இருந்ததால் தோட்டத்துப் பிள்ளைகளில் மிகச் சிலரே அந்த வாயிலுக்கு வந்தனர். அத்தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லாப் பிள்ளைகளும் ஒன்பது ஆண்டுக் கல்வி பெறலாம் என்றானபோது, தோட்டத்திலிருந்து நகரப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் தொகை உயர்ந்தது. பன்னிரண்டு வயதில் தமிழில் கணக்குப் போட்ட பிள்ளை பதின்மூன்றாம் வயதில் வேறொரு மொழியில், வேறொரு ஊரில், தன் வீட்டு நிலையை அறியாத ஆசிரியரிடம் அதே கணக்கை மீண்டும் கற்க வேண்டியிருந்தது. படிவம் மூன்றின் இறுதியில் எழுதும் அரசுத் தேர்வில், பின்னாளில் எஸ்.ஆர்.பி. எனப் பெயர்பெற்ற அத்தேர்வில், தோற்றவர்கள் தோட்டத்துக்கே திரும்பினர். கதவு திறந்த பிறகுதான் படிக்கட்டு எவ்வளவு செங்குத்தானது என்பது சமூகத்துக்குத் தெரியவந்தது எனலாம்.

அப்போது பல்கலைக்கழகம் தோட்டத்துக்கு மிகத் தொலைவில் இருந்தாலும் உறவற்றதாக இருக்கவில்லை. 1949-இல் சிங்கப்பூரில் நிறுவப்பட்ட மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்தியவியல் துறை தொடங்கப்பட்டபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க வேண்டும் என்று ‘தமிழ் முரசு’ நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி வாதாடினார்; ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் பெயரில் அவர் திரட்டிய நிதிக்கு எளிய மக்களும் தம்மால் இயன்றதைத் தந்தனர். அதே இதழ் 1950-களில் மாணவர்களுக்கென நடத்திய மாணவர் மணிமன்றப் பகுதியிலிருந்து வளர்ந்த மணிமன்ற இயக்கம், பிற்காலத்தில் தமிழ் இளைஞர் மணிமன்றங்களாக ஊர்தோறும் கிளைத்துப் பேச்சு, எழுத்து, நாடகம், வாசிப்பு ஆகியவற்றில் இளைஞர்களைப் பழக்கியது. 1961 முதல் இந்தியவியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளின் முயற்சியால் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடைபெற்றது. உழைப்பாளர் தந்த பணமும் ஆதரவும் பல்கலைக்கழகத் தமிழின் அடித்தளத்தில் கலந்திருந்தமையால், அங்கே பயின்ற மாணவர் தோட்டத்துக்குக் கடன்பட்டவர் என்னும் உணர்வு பின்னாளில் வேரூன்றியது இயல்பே. ஆனால் 1960-களில் அந்தக் கடனை அடைக்கப் போதிய தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் இருக்கவில்லை.

1960-களும் 1970-களும் தோட்ட மக்களுக்குக் கடினமானவை. பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் போக்கு 1960-களில் பலரை வேலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் வெளியேற்றியது. அதற்கு மாற்றாக, அமைச்சராக இருந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டங்களை வாங்கித் தொழிலாளரையே பங்குதாரர்களாக்க முயன்றது. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டதும், ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டதும் லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளைக் காலியாக்கின. மே 1969 கலவரத்துக்குப் பின் வகுக்கப்பட்ட புதிய பொருளாதாரக் கொள்கையில் தோட்டத் தமிழரின் வறுமை தனிக் கவனம் பெறவில்லை. இவற்றோடு கல்வியின் பாடமொழியும் மாறியது. 1970-இல் ஆங்கிலப் பள்ளிகளின் முதலாம் வகுப்பில் தொடங்கிய மலாய்வழிக் கல்வி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 1980-இல் படிவம் ஐந்தையும் 1983-இல் பல்கலைக்கழகத்தையும் எட்டியது.

இந்தக் கால வரிசை கவனத்துக்குரியது. தோட்டப்பள்ளியின் மூத்த ஆசிரியர்கள் தமிழில் பயிற்சி பெற்றவர்கள். நகரத்தில் வசதியான தமிழ்க் குடும்பங்கள் ஆங்கிலத்தில் படித்தவை. அறிவியலையும் கணிதத்தையும் மலாயில் படித்துத் தேர்ந்து, அதைத் தமிழில் விளக்கவும் வல்ல ஒரு தலைமுறை முதன்முதலாக உருவானது 1980-களின் தொடக்கத்தில்தான். அந்தத் தலைமுறை அப்போது பல்கலைக்கழக விடுதிகளில் இருந்தது. பாடம் சொல்லிக்கொடுக்க மாணவர்களே முன்வந்ததற்கு இலட்சியம் ஒரு காரணம் என்றால், அவர்களைத் தவிர வேறு எவராலும் அந்தப் பணியைச் செய்ய முடியாதிருந்தது மற்றொரு காரணம். இந்த இரண்டாவது காரணம் போதிய அளவு பேசப்பட்டதில்லை. 1970-களின் இறுதியில் இந்தியப் பட்டதாரி இளைஞர்களின் முயற்சியில் கல்வி, சமூகநலம், ஆய்வு ஆகியவற்றை நோக்கமாகக் கொண்ட அறவாரியம் ஒன்று உருவாகிப் பின்தங்கிய மாணவர்களுக்கு வகுப்புகள் நடத்தத் தொடங்கியது. இவ்வழியில் மிகப் பரந்த அமைப்பாக வளர்ந்தது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா 1982-இல் நிறுவிய ஸ்ரீ முருகன் நிலையமாகும்.

ஸ்ரீ முருகன் நிலையத்தின் அமைப்பு எளிமையானது. தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களிலும் பொது மண்டபங்களிலும் வார இறுதியில் பிரத்தியேக வகுப்புகள் நடத்தப்பட்டன. மலேசியத் தமிழர் வழக்கில் பிரத்தியேக வகுப்பு என்பது பள்ளி நேரத்துக்கு வெளியே தேர்வுக்காக நடத்தப்படும் துணைப்பாட வகுப்பைக் குறிக்கும். ஏழைக் குடும்பத்துக்கும் தாங்கக்கூடிய சிறு கட்டணமே பெறப்பட்டது. பாடம் நடத்தியவர்களில் பெரும்பாலோர் பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களிலும் பலர் முன்பு அதே நிலையத்தின் பெஞ்சுகளில் உட்கார்ந்து படித்தவர்கள். படித்து வெளியேறியவர் திரும்பி வந்து கற்பிப்பதும், அவரிடம் கற்றவர் மீண்டும் அவ்வாறே வருவதும் நிலையத்தின் வழக்கமாயிற்று. சமயத்தையும் கல்வியையும் இணைத்ததில் தம்பிராஜாவின் வரலாற்றறிவு தெரிகிறது: நேர்த்தி வைத்துக் காவடி எடுக்கும் பெற்றோருக்குக் கல்வியை ஒரு விரதமாகக் காட்டுவதே அவர்களை எட்டும் வழி என்பதை அவர் உணர்ந்திருந்தார். தேர்வுக் காலத்துக்குமுன் மாணவரும் பெற்றோரும் பல்லாயிரக்கணக்கில் பத்துமலைக்குச் செல்லும் ‘கல்வி யாத்திரை’ அந்த நோக்கில் ஆண்டுதோறும் நடத்தப்பட்டு வருகிறது.

இத்தகைய வகுப்பில் நடந்தது பாடத்தை மறுமுறை சொல்வது மட்டும் என்று கருதினால் அதன் வலிமை புலப்படாது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் இருபத்தொரு வயது மாணவருக்கும் இடையே உள்ள தொலைவு சிறியது. அந்தப் பிள்ளை எந்தச் சொல்லில் தடுமாறுகிறது, எந்த இடத்தில் கேள்வி கேட்க வெட்கப்படுகிறது என்பது அண்மையில் அதே இடத்தில் தடுமாறியவருக்கு உடனே விளங்கும். அண்ணன், அக்காள் என்று அழைக்கத்தக்க ஒருவர், லயத்து வீட்டில் வளர்ந்தவர், எந்தப் பாடப்பிரிவுக்கு எப்போது விண்ணப்பிப்பது, கல்விக் கடன் எங்கே கிடைக்கும், விடுதியில் எவ்வளவு செலவாகும் என்று சொல்லும்போது, பல்கலைக்கழகம் என்பது ஒரு முகவரியாகிறது. பால்வெட்டுத் தொழிலாளியான தாய்க்கும் தந்தைக்கும் தெரியாதிருந்த செய்திகள் இவை. பள்ளியின் ஆலோசனை ஆசிரியர் ஒருவர் நூற்றுக்கணக்கான மாணவருக்கு இவற்றைத் தனித்தனியே சொல்லவும் இயலாது. அறிவியல், கணிதப் பாடங்களின் மொழி 2003-இல் ஆங்கிலத்துக்கு மாறி, 2012 முதல் படிப்படியாக முந்தைய நிலைக்குத் திரும்பியபோதும், இடையில் அகப்பட்ட மாணவருக்குச் சொற்களை மாற்றிச் சொல்லிக்கொடுக்கும் வேலை மூத்த மாணவர்களிடமே பெருமளவு விழுந்தது.

குறைகளும் இருந்தன, அவற்றை மறைப்பது அந்த இளைஞர்களின் உழைப்புக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தேர்வே அளவுகோலானதால், எஸ்.பி.எம். எனப்படும் படிவம் ஐந்தின் தேர்வுவரை வந்து சேர்ந்த மாணவர்களே பெரிதும் பயன்பெற்றனர். படிவம் இரண்டிலேயே பள்ளியை விட்டு நின்ற பையன் வார இறுதி வகுப்புக்கு வரப்போவதில்லை. அவனைத் தேடிச் செல்ல மாணவத் தொண்டரிடம் நேரமும் இல்லை, பயிற்சியும் இல்லை. மூன்று ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் பிரிந்துபோகும் தொண்டர்களை நம்பிய நிலையங்கள் ஆண்டுதோறும் புதியவர்களைத் தேட வேண்டியிருந்தது.

சித்தியவான் போன்ற ஊர்களுக்கு மற்றோர் இடர்ப்பாடு இருந்தது. 1997-இல் தஞ்சோங் மாலிமில் 1922 முதல் இயங்கிவந்த சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி கல்விப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டு, அதே ஆண்டில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நிறுவப்படும் வரை, பேராக் மாநிலத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் இருக்கவில்லை. மஞ்சோங் வட்டாரத்து மாணவர் உயர்கல்விக்குக் கோலாலம்பூருக்கோ பினாங்குக்கோ சென்றனர். ஆகவே கோலாலம்பூரைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்களில் வாரந்தோறும் கிடைத்த மூத்த மாணவரின் துணை, ஆயர் தாவாரிலும் சித்தியவானிலும் பெரும்பாலும் பருவ விடுமுறையில்தான் கிடைக்கக்கூடியதாக இருந்தது. இரண்டு நாள் கல்வி முகாம், தன்முனைப்பு உரை, தேர்வு வழிகாட்டிப் பட்டறை என்னும் வடிவங்கள் தோட்டப்புற ஊர்களில் செல்வாக்குப் பெற்றதற்கு இந்தத் தொலைவே காரணம் எனக் கொள்ளலாம். லூமுட் கடற்படைத் தளமும் ஸ்ரீ மஞ்சோங் புதுநகரும் வளர்ந்து, தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய பிறகு கட்டணத் துணைப்பாட நிலையங்கள் பெருகின. ஆயினும் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு அவை மாற்றாகவில்லை.

இதே மாநிலத்தில், பேராக் ஆற்றைக் கடந்து கிழக்கே மலைத்தொடரின் அடிவாரத்தில், தாப்பாவும் பீடோரும் அமைந்துள்ள பகுதியில் செமாய் மக்களும், அதற்கு வடக்கே தெமியார் மக்களும் வாழ்கின்றனர். தீபகற்ப மலேசியாவின் பதினெட்டுப் பழங்குடிப் பிரிவுகளுக்குப் பொதுப்பெயராக வழங்கும் ஒராங் அஸ்லி என்பதனுள் அடங்கும் இம்மக்களின் கல்வி, போரின் நிழலில் தொடங்கியது. 1948-இல் பிறப்பிக்கப்பட்ட அவசரநிலையின்போது, கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு கிடைக்காதபடி தடுப்பதற்காக ஒராங் அஸ்லி மக்கள் காட்டிலிருந்து முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். பலர் நோயுற்று மடிந்தனர். பின்னர் அரசு வழியை மாற்றிக்கொண்டு, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் அமைத்து அங்கே மருந்தகமும் கடையும் பள்ளியும் வைத்தது. அப்போரில் கம்யூனிஸ்டுக் கட்சியை வழிநடத்திய சின் பெங் 1924-இல் பிறந்த ஊர் சித்தியவான் என்பது, ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இவ்விரு பகுதிகளின் வரலாறுகளை ஒரு புள்ளியில் சந்திக்க வைக்கிறது. 1954-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் சட்டம், பழங்குடியினர் என்ற காரணத்தால் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் பள்ளியில் இடம் மறுக்கப்படலாகாது என்று விதித்தது. ஆயினும் 1995 வரை கிராமப் பள்ளிகளை நடத்தியது கல்வி அமைச்சன்று. ஒராங் அஸ்லி விவகாரங்களைக் கவனித்த துறையே தன் களப்பணியாளரை ஆசிரியராக்கி முதல் மூன்று வகுப்புகளை நடத்தியது. நான்காம் வகுப்புக்குப் பிள்ளைகள் வீட்டைப் பிரிந்து விடுதியுள்ள பள்ளிக்கும், படிவம் ஒன்றுக்கு அதனினும் தொலைவான நகரப் பள்ளிக்கும் செல்ல வேண்டியிருந்தது.

கங்காணி நடத்திய தோட்டப்பள்ளியையும் களப்பணியாளர் நடத்திய காட்டுப்பள்ளியையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒற்றுமை வியப்பளிக்கும் அளவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. இரண்டிலும் பிள்ளைகள் அதிகமாக விழுந்தது தொடக்கப்பள்ளிக்கும் இடைநிலைப்பள்ளிக்கும் இடைப்பட்ட அதே படியில். ஒராங் அஸ்லி மாணவரிடையே ஆறாம் ஆண்டு முடித்துப் படிவம் ஒன்றுக்குச் செல்லாமல் நின்றுவிடுவது இன்றுவரை தீராத குறையாக இருக்கிறது. விடுதி வாழ்க்கையின் அச்சம் எத்தகையது என்பதை, 2015-இல் கிளந்தான் மாநிலத்தின் போஸ் தோஹோயில் தண்டனைக்கு அஞ்சி விடுதியை விட்டுக் காட்டுக்குள் ஓடிய ஏழு பிள்ளைகளுள் இருவர் மட்டுமே உயிருடன் மீட்கப்பட்ட துயரம் நாட்டுக்கு உணர்த்தியது. முதலாம் வகுப்பு முதல் படிவம் மூன்று வரை ஒரே வளாகத்தில் நடத்தும் பள்ளிகளை அரசு சில இடங்களில் ஏற்படுத்தியது இந்தப் படியின் உயரத்தைக் குறைப்பதற்காகவே.

ஆஸ்திரேலியாவில் இதே இடைவெளி வேறொரு முறையில் அணுகப்பட்டது. 2005-இல் சிட்னிப் பல்கலைக்கழக மாணவரான ஜாக் மானிங் பான்கிராப்ட் என்னும் பழங்குடி இளைஞர், இருபத்தைந்து பல்கலைக்கழக மாணவர்களை இருபத்தைந்து பழங்குடி உயர்நிலைப்பள்ளி மாணவர்களோடு ஒருவருக்கு ஒருவராக இணைத்துத் தொடங்கிய வழிகாட்டித் திட்டம், சில ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. அங்கே துணைநின்ற மாணவர் பெரும்பாலும் பழங்குடியினர் அல்லர். எனினும் திட்டத்தை வகுத்தவர் பழங்குடியினர். மலேசியாவில் பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் ஒராங் அஸ்லி கிராமங்களுக்குச் செல்வது வழக்கமே: வகுப்பறைக்கு வண்ணம் பூசுகின்றனர், நூல்கள் தருகின்றனர், விளையாட்டோடு பாடமும் நடத்துகின்றனர். இரண்டு மூன்று நாளில் முடியும் அத்தகைய வருகை, செல்லும் மாணவருக்குத் தரும் அறிவு பெரிது. விடுதியில் முதல் மாதத்திலேயே மனமுடைந்து வீடு திரும்பும் செமாய்ப் பிள்ளைக்கு அது தரும் துணை சிறிது. அந்த முதல் மாதத்தில், அவர்கள் மொழியில் பேசி அருகே இருக்கும் ஒருவரே தேவைப்படுகிறார்.

அத்தகையவர் இல்லாமல் இல்லை. செமாய் இனத்தவரான ஜூலி எடோ மலாயாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராகித் தம் மக்களின் நில உரிமையையும் வாய்மொழி வரலாற்றையும் ஆராய்ந்தார். பின்னர் ஒராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். பட்டம் பெறும் ஒராங் அஸ்லி இளைஞர் தொகை கூடிவருகிறது. ஆனால் 1980-களில் தோட்டத் தமிழருக்கு இருந்த ஒரு வாய்ப்பு அவர்களுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை: தமிழ்ப் பிள்ளை ஆறு ஆண்டுகள் தன் மொழியிலேயே எண்ணக் கற்ற பிறகே பாடமொழி மாறியது; செமாய் மொழியோ பேராக், பகாங் மாநிலங்களின் சில தொடக்கப்பள்ளிகளில் ஒரு பாடமாக மட்டுமே கற்பிக்கப்படுகிறது. எனவே பின்னத்தையும் ஒளிச்சேர்க்கையையும் செமாயில் விளக்கக்கூடிய மூத்த மாணவர் செமாய்க் குடும்பங்களிலிருந்துதான் வர முடியும். தமிழ்த் தொண்டர் அமைப்புகளிடம் நாற்பது ஆண்டுகளாகச் சேர்ந்துள்ள வகுப்பு நடத்தும் முறைகளும், மூத்த மாணவரைப் பயிற்றும் அனுபவமும் அவர்களோடு பகிர்ந்துகொள்ளப்பட வேண்டியவை. 1997-இல் பேராக்கில் உருவான அவ்விரு பல்கலைக்கழகங்களும் செமாய்க் கிராமங்களிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் ஒரு நாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவிலேயே இருக்கின்றன.